புறச்சுவரும் அண்டை வீட்டாரின் உரிமையும்

வீடு கட்டுவதற்கு நம்மவர்கள் தயங்குவதில்லை. கட்டிய வீட்டின் புறச்சுவரைப் பேணுவதற்குத்தான் எவருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் தெருக்களில் நடந்து பார்த்தால் இது விளங்கும். உள்ளே பளிங்குத் தரையும் தேக்குக் கதவும் இருக்கும். சந்துப் பக்கச் சுவரிலோ காரை பெயர்ந்து செங்கல் வெளியே தெரியும். பெருநாள் வந்தால் முகப்புக்கு மட்டும் வண்ணம் பூசுகிறோம். அண்டை வீட்டார் நாள்தோறும் காண்பது அந்த முகப்பையன்று.

கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பை விரிசல் வழியே உள்ளே இறக்குகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது, தான் அரித்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. ஆதலால் சன்ஷேடின் அடிப்பாகம் உள்ளிருந்தே வெடித்துக் கட்டிகட்டியாக விழுகிறது. கீழே பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியவரும் மதரஸாவுக்கு ஓடும் குழந்தையும் நடக்கிறார்கள். பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றைப் பலர் தழையோடு கிள்ளிவிட்டுத் திருப்தியடைகின்றனர். வேர் உள்ளே இருக்கும்வரை அது மீண்டும் தழைத்துச் சுவரைப் பிளக்கும்.

பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு நாம் செய்யும் தீங்கு வேறுவகை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்டைப் பூசி, அதற்கும் மேலே பளபளப்பான வண்ணத்தை அடித்தால், ஈரம் சுவருக்குள்ளேயே அடைபட்டு, உப்புப் பொரிந்து, புதுப்பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். பாட்டனார் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது. சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள் என்பது உண்மையே. எனினும் தேடினால் கிடைப்பார்கள்.

இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். சூரத்துல் கஹ்ஃபில் இடிந்து விழும் நிலையிலிருந்த ஒரு சுவரை நிமிர்த்தி வைத்த நிகழ்ச்சியை நாம் வெள்ளிதோறும் ஓதுகிறோம். உணவளிக்க மறுத்த ஊராரின் நடுவே, கூலி பெறாமல் அப்பணி நடந்தது. அதனடியில் இரு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. நம் சுவரில் அண்டை வீட்டார் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கலாகாது என்ற நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம் சுவரில் அவருக்கு இத்தகைய உரிமை உண்டெனில், அச்சுவர் அவருடைய அடுப்படியின்மீது சரியும்போது அதை நம் சொந்த விவகாரம் என்று எவ்வாறு கூறுவது?

உண்மையான சிக்கல் பூட்டிய வீடுகளில் இருக்கிறது. வாப்பா மறைந்து ஆண்டுகள் கடந்திருக்கும். காக்கா துபாயில், தம்பி மலேசியாவில், லாத்தா சென்னையில். பாகப்பிரிவினை முடியாததால் எவரும் கை வைப்பதில்லை. தாம் செலவழித்தால் அது பிறர் பங்குக்கும் போய்ச் சேருமே என்ற கணக்கு ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓடுகிறது. வெளியே சொல்லத்தான் கூச்சம். பங்குரிமை கோரும்போது பின்னங்கள்வரை துல்லியமாகக் கணக்கிடும் நாம், பராமரிப்பில் மட்டும் அந்த விகிதத்தை மறந்துவிடுவது முறையன்று. எவருக்கு எத்தனை பங்கோ, அதற்கேற்ற செலவையும் அவரே ஏற்கவேண்டும். வாடகை வருமானமாயின், பங்கிடுமுன் பழுதுபார்ப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிடலாம்.

ஆவணி, புரட்டாசிக்குள் ஒரு நாள் ஊரிலிருக்கும் உறவினர் ஒருவர் சாவியோடு சென்று, நான்கு பக்கமும் சுற்றிவந்து, விரிசலையும் மழைநீர்க் குழாயையும் படமெடுத்துக் குடும்பத்தாருக்கு அனுப்பட்டும். சந்துப் பக்கத்தைப் பார்க்கையில் அடுத்த வீட்டாரையும் அழைத்துக் கேட்கட்டும். ஈரம் எங்கே இறங்குகிறதென்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.