கடவுச்சீட்டுக்கு அஞ்சும் துப்பாக்கி

“வெளிநாட்டுக்காரன் வந்து என்ன கிழிச்சான்? நாலு போட்டோ எடுத்துக்கிட்டுப் போவான்.” போர் நடக்கும் ஊர்களுக்குப் போகும் தொண்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படி யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. ஆயுதமில்லாதவன் யாரைக் காப்பாற்றிவிட முடியும் என்பது அதன் உட்கருத்து. இதைவிட மேம்போக்கான தீர்ப்பு கிடையாது.

குவாத்தமாலாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 1984-ல் ஓர் அமைப்பாகத் திரண்டன. மறு ஆண்டு மார்ச் இறுதியில் அதன் தலைவர்களில் ஒருவரான எக்தோர் கோமஸைக் கொன்றார்கள். சில நாட்களில் அதே அமைப்பின் ரொசாரியோ கோதோய், தம்பியோடும் இரண்டு வயது மகனோடும் பிணமாகக் கிடந்தார். கார் விபத்து என்றது அரசு. அடுத்து யார் என்ற கேள்விதான் மிச்சம். அப்போதுதான் பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் வெளிநாட்டுத் தொண்டர்கள், எஞ்சிய தலைவர்களோடு கூடவே நடக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில், கூட்டத்தில், வீட்டில், ராத்திரியிலும். புத்தி சொல்வதோ வழிகாட்டுவதோ அவர்கள் வேலையல்ல. பக்கத்தில் இருப்பது மட்டுமே வேலை. அப்படித் துணையோடு நடந்த நினெத் மொந்தெனேக்ரோ உயிர் பிழைத்து, பின்னாளில் நாடாளுமன்றத்துக்கே போனார்.

கொலைகாரர்களுக்குத் திடீரென இரக்கம் சுரந்துவிடவில்லை. கனடாக்காரர் கண்ணெதிரே கொன்றால் தூதரகம் கேள்வி கேட்கும், உதவிப் பணம் நிற்கும் என்ற கணக்குதான். அந்நிய உயிருக்குக் கூடுதல் விலை என்பது அசிங்கமான கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். கணக்கு பிசகவும் செய்யும்: 2003-ல் காசாவின் ரஃபாவில் இஸ்ரேலிய ராணுவ புல்டோசரின் முன் நின்ற தொண்டர் ரேச்சல் கோரியை அமெரிக்கக் கடவுச்சீட்டு காக்கவில்லை. அதற்காக, கணக்கே இல்லை என்றாகிவிடாது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களைப் போர் நடந்துகொண்டிருந்த வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. அவர்கள் தொண்டர்களல்ல, சம்பளக்காரர்கள்தான். ஆனாலும் கிளிநொச்சி அலுவலக வாசலில் சனம் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடியது. அரிசி மட்டும் வேண்டுமென்றால் லாரியைத்தான் கேட்டிருப்பார்கள்; அவர்கள் கேட்டது ஆட்களை. ஊழியர்கள் போய்விட்டார்கள். அதன்பின் ஆஸ்பத்திரிகள் மீது குண்டு விழுந்ததை வெளியே சொன்னவர்களில் முக்கியமானவர்கள் உள்ளூர் மருத்துவர்கள். போர் முடிந்ததும் அரசு அவர்களைப் பிடித்து அடைத்தது. 2009 ஜூலையில், காவலில் இருந்தபடியே, பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து தாங்கள் சொன்னதைத் தாங்களே மறுத்தார்கள். ஒரு நார்வேக்காரரை அப்படி உட்கார வைத்திருக்க முடியுமா?