கடலில் கால் ஊன்றாதீர்கள்!

பால்மரக் காட்டில் வளர்ந்த பாலோ பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கொள்ளை ஆசை. குளுவாங் வழியாக மெர்சிங் சென்று படகேறினால் சீபு, திங்கி, ராவா தீவுகள். இவற்றைச் சுற்றியுள்ள கடலை 1994-இல் அரசாங்கம் கடல் பூங்காவாக்கியது. அங்கே மீன் பிடிக்கக் கூடாது.

மூச்சுக்குழாய் மாட்டி, வழிகாட்டியுடன் மிதந்தால் பவளப்பாறை தெரியும். பாறை என்கிறோமே தவிர, அது உயிருள்ளது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நீந்தத் தெரியாத பிள்ளை பயந்தால் அதன்மேல்தான் காலை ஊன்றும். பவளமும் உடையும், பாதமும் கிழியும்.

தாய்மார்களே, மிதவைச் சட்டை இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். முதலில் கரையோரத்தில் இடுப்பளவு நீரில் மூச்சுவிடப் பழக்குங்கள். ஆண்டிறுதி மழைக்காலத்தில் படகேறவே வேண்டாம். பயம் தெளிந்த பிள்ளை பவளத்தை மிதிக்காது.