கூண்டைப் பகிர்ந்துகொண்டவரா, கூண்டில் அடைக்கப்பட்டவரா?

ஊடகங்கள் இனத்தையும் சாதியையும் பாலினத்தையும் எவ்வாறு சித்திரிக்கின்றன என்று தேடுவது ஆய்வே அன்று, அது வெறும் அரசியல் என அண்மையில் ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் தீர்ப்பளித்தார். இதே பொருளில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் நான் அங்கே வாய்திறக்கவில்லை. அந்த மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

பமேலா நியூகிர்க் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் இதழியல் பேராசிரியர். 1992இல் புலிட்சர் பரிசு பெற்ற 'நியூயார்க் நியூஸ்டே' செய்தியாளர் குழுவில் இருந்தவர். வெள்ளையர் கோலோச்சும் செய்தியறைகளில் கறுப்பினச் செய்தியாளர்கள் படும் பாட்டை 2000இல் நூலாக்கினார். 2015இல் வெளிவந்த 'ஸ்பெக்டக்கிள்' நூலில் ஓட்டா பெங்காவின் வாழ்வைத் தேடிச் சென்றார்.

காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த இளைஞரை 1906 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில், குரங்குகளின் கூண்டில் வைத்துக் காட்சிப்படுத்தினார்கள். அவர் குரங்குகளோடு கூண்டைப் பகிர்ந்துகொள்வதாகச் செப்டம்பர் 9 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' தலைப்பிட்டது. அந்த வினைச்சொல்லைக் கவனியுங்கள். பகிர்தல் என்பது ஒருவர் மனமுவந்து செய்வது. அடைபட்டவர் எழுவாயாகிவிட்டார், அடைத்த இயக்குநர் வில்லியம் ஹார்னடே தலைப்பிலேயே இல்லை. ஒரு குற்றம் அங்கே மறைந்துபோனது.

ஜேம்ஸ் கார்டன் முதலிய கறுப்பினப் போதகர்கள் எதிர்த்துக் குரல்கொடுத்தார்கள். அந்த எதிர்ப்பை அதே நாளேட்டின் தலையங்கம் ஏளனம் செய்தது. 1916இல் ஓட்டா பெங்கா தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்த பின்னர், அவர் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டார் என்பதே கட்டுக்கதை என்றும், அவர் குரங்குகளுக்கு உணவிட்ட பணியாளர் என்றும் அந்நாளேடு எழுதியது. அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த சாமுவேல் வெர்னரின் பேரன் 1992இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய நூலிலோ வெர்னர் அவருடைய நண்பராகிவிட்டார். கைதி பங்காளியானார், பங்காளி பணியாளரானார், பணியாளர் நண்பரானார்!

கடிதங்களையும் ஆவணங்களையும் அக்கால நாளிதழ்களையும் ஒப்புநோக்கி இப்புனைவை உடைத்தவர் நியூகிர்க். அந்தக் காட்சிசாலையை நடத்தும் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020இல்தான். இப்போது சொல்லுங்கள், அரசியல் செய்தவர் யார்? ஆவணத்தைப் புரட்டிய பேராசிரியரா, 'நடுநிலை' நாளேடா?

தொலைவில் நடந்ததுதானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தலித் இளைஞர் 'கொல்லப்பட்டார்' என்று நம் தலைப்பு முடியும்போது கொன்றவரை விழுங்கிவிடுகிறது 'படு' என்னும் துணைவினை. 'கற்பழிப்பு' என்ற சொல்லோ ஓர் ஆணின் குற்றத்தைப் பெண்ணின் இழப்பாகக் கணக்கெழுதுகிறது. இவற்றை எண்ணிப் பார்ப்பதும் வகைப்படுத்துவதும் காரணம் தேடுவதும் ஆய்வு இல்லையென்றால், ஆய்வு என்பதுதான் என்ன?

மதிப்புக்குரிய ஐயா, வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று கேட்பது இலக்கணத்தின் முதல் பாடம். அதைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.