யாருக்கு எத்தனை மான்?

90:10 என்றதும் மலேசியத் தமிழ் மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷன் இடங்கள்தாம் நினைவுக்கு வரும். அதே கணக்கு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலும் உண்டு. அங்கே பங்கு போடப்படுவது காட்டு விலங்குகள். மூஸ் மான், பெருங்கொம்பு ஆடு, மலையாடு போன்றவற்றுக்கான வேட்டைச் சீட்டுகளில் 90 விழுக்காட்டை மாநிலவாசிகளுக்கும் 10 விழுக்காட்டை வெளியாருக்கும் ஒதுக்கி 2022-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அதற்குமுன் வெளியாரின் பங்கு 20 முதல் 25 விழுக்காடாக இருந்தது.

வேட்டையே கூடாது என்போர் நம்மிடையே உண்டு. அது தனி விவாதம். இங்கே நான் பேச விரும்புவது பங்கீட்டைப் பற்றி. ஒரு சீட்டுக்கு ஒரு விலங்கு. எத்தனை சீட்டு என்பதை வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது. கேட்போரோ அதைவிடப் பன்மடங்கு. எனவே குலுக்கல் நடக்கிறது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை.

உள்ளூராரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. மான் கூட்டம் மேய்வது அவர்களின் புல்வெளியில். வேலி உடைந்தாலும், சாலையில் மான் வாகனத்தில் மோதினாலும் இழப்பு அவர்களுக்கே. சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1976-இல் மொண்டானா மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கு உள்ளூரார் 9 டாலர் கட்டினால் போதும். வெளியாரோ 225 டாலருக்குக் கூட்டு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்க் வேட்டை பொழுதுபோக்கே, அடிப்படை உரிமை அன்று என்று 1978-இல் தீர்ப்பானது. மாநிலங்களின் இந்த அதிகாரத்தை 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் சட்டமாக உறுதி செய்தது.

சட்டப்படி சரியானதெல்லாம் நியாயமாகிவிடுமா? வயோமிங் நிலத்தில் ஏறத்தாழப் பாதி மத்திய அரசுக்குச் சொந்தம். அதாவது எல்லா அமெரிக்கர்களின் சொத்து. எல்க் சீட்டுக்கு வெளியார் கட்டுவது உள்ளூராரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். உரிமக் கட்டண வருமானத்தில் பெரும்பகுதி வெளியாரிடமிருந்தே வருகிறது. செலவில் பெரும் பங்கை அவர்கள் தலையில் வைத்துவிட்டு, சீட்டில் அவர்கள் பங்கைக் குறைப்பது எப்படி முறையாகும்?

இன்னொரு விதியைப் பாருங்கள். மத்திய அரசு பாதுகாக்கும் அடர்வனப் பகுதிகளில் வெளியார் பெருவிலங்கு வேட்டைக்குப் போனால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ உடன் வர வேண்டும் என்கிறது வயோமிங். பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதே காட்டில் அதே வெளியார் மலையேறவோ படமெடுக்கவோ தனியே போகலாம்! நியூ மெக்சிகோவிலோ 84 விழுக்காடு உள்ளூராருக்கு. 10 விழுக்காடு வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு. மற்ற வெளியாருக்கு 6 விழுக்காடு மட்டுமே. குலுக்கல் என்று சொல்லிவிட்டுப் பணப்பைக்குத் தனி வாசல் திறப்பது இதுதான்.

உள்ளூராருக்கு முன்னுரிமை வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் செலவைச் சுமப்பவரின் பங்கை இஷ்டப்படி சுருக்கக் கூடாது. அந்தப் பங்குக்குள் ஏழையும் பணக்காரரும் ஒரே குலுக்கலில் நிற்க வேண்டும். வழிகாட்டி விதி நீங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்வேன். வயோமிங்கில் ஓராண்டு குடியிருந்தால் வெளியாரும் உள்ளூராராகிவிடலாம். அந்தக் கோட்டைக் கடக்க வழி உண்டு. பிறப்பை வைத்துப் போடும் கோட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

நண்பர்களே, கோட்டா என்றாலே கொதிக்கவும் வேண்டாம். சட்டம் சொல்கிறது என்று தலையாட்டவும் வேண்டாம். செலவு யாருடையது, கோட்டைக் கடக்க வழி உண்டா, உள்ளே எல்லாரும் சமமா என்று கேட்போம். மானுக்கும் இது பொருந்தும், மாணவருக்கும் பொருந்தும்.