வரிசை எங்கே போயிற்று?

மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பின்னால் கடலில் இறங்கும் படிக்கட்டுகளில் நின்றால், நகரத்துக்கும் எதிர்க்கரையான ராய்கட் மாவட்டத்துக்கும் நடுவே கிடக்கும் விரிகுடா கண்முன் விரியும். ஒருபுறம் கடற்படைக் கப்பல்கள். சற்றுத் தொலைவில் ஜவாஹர் தீவை ஒட்டி எண்ணெய்க் கப்பல்கள். அவற்றுக்கிடையே சரக்குக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும். இந்த நெரிசலுக்குள் புகுந்துதான் சுற்றுலாப் படகுகள் எலிஃபண்டா தீவுக்கும் எதிர்க்கரை மாண்ட்வாவுக்கும் நாள்தோறும் போய்வருகின்றன. எலிஃபண்டாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற குடைவரைகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். பயணிகள் தீவில் இரவு தங்க அனுமதியில்லை.

2024 டிசம்பர் 18 அன்று மாலை நான்கு மணியளவில், அந்தத் தீவை நோக்கிச் சென்ற ‘நீல்கமல்’ என்ற பயணிகள் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு ஒன்று மோதியது. புதிய இயந்திரம் பொருத்தப்பட்டுச் சோதனை ஓட்டத்தில் இருந்த அந்த விரைவுப் படகு கட்டுப்பாட்டை இழந்திருந்தது. இரு படகுகளிலும் சேர்த்து 15 பேர் உயிரிழந்தார்கள். விரைவுப் படகு வளைந்து வளைந்து நெருங்கிவருவதைப் பயணி ஒருவர் கைப்பேசியில் படம்பிடித்திருந்தார். நாடே அதைப் பார்த்தது.

விபத்துக்கான காரணம் வேறு, விபத்தில் மாண்டவர்களின் எண்ணிக்கைக்கான காரணம் வேறு. பொதுவிவாதத்தில் இவ்விரண்டும் எப்போதும் குழம்பிப்போகின்றன. மோதலுக்கு நீல்கமல் படகு பொறுப்பல்ல. ஆனால், 84 பயணிகளுக்கும் 6 ஊழியர்களுக்கும் மட்டுமே அனுமதி பெற்றிருந்த அந்தப் படகில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தங்கள் உடலில் லைஃப் ஜாக்கெட் இல்லை என்று தப்பியவர்கள் கூறினார்கள். மறுநாளே படகில் ஏறும் ஒவ்வொருவரும் அதை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. படகின் உரிமமும் ரத்தானது. அன்று புதன்கிழமை. விடுமுறைக் கூட்டம்கூட இல்லாத ஒரு வேலைநாள்.

அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருபது பேர் ஏன் ஏற்றப்படுகிறார்கள்? ‘பேராசை’ என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த விடை எனக்குப் போதுமானதாகப்படவில்லை. படகு கிளம்புவது என்று முடிவாகிவிட்டால், டீசல் செலவும் ஊழியர் கூலியும் படகுத்துறைக் கட்டணமும் உறுதியாகிவிட்ட செலவுகள். எண்பத்து நான்கு பேருக்குப் பிறகு ஏறும் எண்பத்தைந்தாவது பயணியால் கூடும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர் தரும் கட்டணமோ முழுவதும் லாபம். போகவர ஒருவருக்கு 260 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது பேருக்கு 5,200 ரூபாய். அந்த இருபது பேரால் கூடும் ஆபத்தை மட்டும் படகில் இருக்கும் அனைவரும் பகிர்ந்து சுமக்கிறார்கள். ஆதாயம் ஒருவருக்கு, ஆபத்து நூறு பேருக்கு என்று கணக்கு அமையும்போது, நல்ல மனிதர்கள்கூட இருபது பேரை ஏற்றவே செய்வார்கள்.

சந்தைப் போட்டி இதைச் சரிசெய்யாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உணவகத்தில் உணவு கெட்டிருந்தால் மறுநாள் போகமாட்டோம். சுற்றுலாப் படகில் ஏறுபவரோ பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை ஏறுகிறார். அடித்தளம் உறுதியாக இருக்கிறதா, படகோட்டி தகுதியுள்ளவரா என்று பார்க்க அவருக்குக் கண்ணும் இல்லை, நேரமும் இல்லை. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே நடக்கும் வாணிபத்தில் தரம் எப்படிச் சரிகிறது என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். பழைய காரையாவது வாங்குபவர் தேர்ந்தெடுக்கிறார். படகுத்துறையில் அதுவும் இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு, முறைவைத்து எந்தப் படகு வந்து நிற்கிறதோ அதில் ஏறுகிறோம். அந்தச் சுழற்சி முறை படகு உரிமையாளர்களிடையே சண்டை வராமல் காக்கிறது. சிறு உரிமையாளருக்கும் வருமானம் தருகிறது. அதைக் குறைகூற மாட்டேன். ஆனால், நல்ல லைஃப் ஜாக்கெட்டுகளை வாங்கிவைத்த உரிமையாளருக்கு அதனால் ஒரு பயணிகூடக் கூடுதலாக வரப்போவதில்லை. வாங்காதவர் ஒருவரையும் இழக்கப்போவதுமில்லை.

என் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் பலமுறை மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றிருக்கிறேன். பேருந்து ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நானே நின்று தலைகளை எண்ணுவேன். ஒருவர் குறைந்தாலும் பேருந்து நகராது. அதே மாணவர்கள் ஒரு நீர்நிலையில் படகில் ஏறியபோது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏறலாம் என்று நான் எண்ணிப்பார்த்ததே இல்லை. யாரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதுதான் அன்று என் கவலை. அளவுக்கு மேல் ஏறிவிடக் கூடாது என்று தோன்றவில்லை. பேரிழப்பு எதுவும் நேராததால் இன்று இதை எழுத முடிகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கன்னியாகுமரி தெரியும். விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகளைத் தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. விடுமுறை நாள்களில் அங்கே மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ சேவை நின்றுவிடும். அதிகாலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு நேரே வந்து நின்றவர்கள் வெயிலில் காய்ந்தபடி நிர்வாகத்தைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். நானும் அவர்களோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன். ஏறும்போது ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். பலமுறை அணியப்பட்டு ஈரம் காயாத அதை முகம்சுளித்துக்கொண்டுதான் மாட்டிக்கொள்கிறோம்.

அந்த நீண்ட வரிசைதான் பாதுகாப்பின் விலை என்று இப்போது நினைக்கிறேன். படகுகளின் கொள்ளளவு மாறாதபோது, கூட்டம் பெருகும் நாளில் மிகுதிப்பேர் எங்கேயாவது காத்திருந்தாக வேண்டும். கரையில் வரிசை நீள்கிறது என்றால் அவர்கள் கரையில் இருக்கிறார்கள் என்று பொருள். பொங்கல், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை போன்ற நாள்களில் ஒரு படகுத்துறையில் வரிசையே இல்லை என்றால், அந்த வரிசை எங்கே போயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். 2023 மே 7, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில், 22 பேருக்கு அனுமதியுள்ள படகில் 37 பேர் ஏறினார்கள். 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மீன்பிடிப் படகொன்றைச் சுற்றுலாப் படகாக மாற்றியமைத்திருந்தார்கள். மாலை மங்கிய பிறகும் அது ஓடியது. 2024 ஜனவரியில் குஜராத்தின் வடோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். ஏரி, முகத்துவாரம், விரிகுடா என்று நீர்ப்பரப்பின் பெயர்தான் மாறுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. கலங்களைப் பதிவுசெய்வது, தகுதிச்சான்று, காப்பீடு என எல்லாம் அதில் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இலேயே படகுப் பாதுகாப்புக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தாள்களில் குறையொன்றும் இல்லை. குறை, படகு கிளம்பும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் துறையில் நின்று எண்ணி, எண்பத்தைந்தாவது ஆளைத் தடுத்து, ‘அடுத்த படகில் வாருங்கள்’ என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் வேண்டும். அவருடைய சம்பளம் படகு உரிமையாளரிடமிருந்தோ சீட்டு விற்பனையிலிருந்தோ வரக் கூடாது.

மும்பை விபத்துக்குப் பிறகு இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 5 லட்சமும் பிரதமர் நிவாரண நிதி 2 லட்சமும் அறிவித்தன. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், ஆபத்தின் செலவு முழுவதையும் பொதுக் கருவூலம் ஏற்றுக்கொள்ளும்போது, அது பயணச்சீட்டின் விலையில் எந்நாளும் ஏறாது. பயணிகள் காப்பீடு உண்மையாக நடைமுறையில் இருந்து, அளவுக்கு மேல் ஏற்றிய படகுக்கு அடுத்த ஆண்டுப் பிரீமியம் உயருமானால், அறிவுரை சொல்லாத வேலையைக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கர் சொல்லிவிடுவார்.

இந்தப் பின்னணியில்தான் கொலாபாவில் எழவிருக்கும் புதிய பயணிகள் படகு முனையத்தைப் பார்க்க வேண்டும். கேட்வேயிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், ரேடியோ கிளப் அருகே, சுமார் 229 கோடி ரூபாயில் மகாராஷ்டிரக் கடல்சார் வாரியம் இதை எழுப்புகிறது. குடியிருப்போர் எதிர்த்தார்கள். பாரம்பரியப் பகுதியின் தோற்றம் கெடும், குறுகிய தெருக்களில் வாகன நெரிசல் பெருகும், சிலருடைய பெருமிதப் பயணத்துக்காகக் கட்டப்படுகிறது என்பன அவர்கள் வாதங்கள். 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு திட்டத்தை அனுமதித்தது. அரங்கம் போன்ற அமைப்பைக் கேளிக்கைக்குப் பயன்படுத்தாமல் பயணிகள் காத்திருக்கும் இடமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பின்னர் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

குடியிருப்போரின் நெரிசல் கவலையை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். கார் நிறுத்துமிடம் கட்டினால் கார்கள் வரும்; இதில் வியப்பில்லை. ஆயினும் முனையம் வேண்டாம் என்ற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. கேட்வேயின் பழைய படிக்கட்டுகள் அலையில் ஆடும் படகிலிருந்து முதியவர் ஒருவர் இறங்குவதற்கு ஏற்றவையல்ல. அதைவிட முக்கியம், திறந்த படிக்கட்டில் யாரையும் எண்ண முடியாது. மூடிய முனையத்தில் முடியும். மெட்ரோ ரயில் நிலையத்தில் இருப்பதுபோல் ஒவ்வொரு படகுக்கும் ஒரு தடுப்பு வாயில். படகின் பெயரும் அனுமதித்த எண்ணிக்கையும் ஏறியோர் எண்ணிக்கையும் பயணிகள் கண்ணில் படும்படி ஒரு பலகை. எண் நிரம்பியதும் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. 229 கோடியில் இதற்காகும் செலவு மிகச் சிறு பங்குதான். முனையத்தைப் பற்றிய வழக்கிலும் செய்தியிலும் கார்களும் கட்டட அழகும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கதவு பேசப்பட்டதாக நான் காணவில்லை.

கண்டிப்பாக எண்ணத் தொடங்கினால் படகுக்காரர்கள் பிழைப்பு என்ன ஆகும்? நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது பல நாள் படகுகள் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களின் இழப்பை அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான கூட்டத்தில்தான் அவர்கள் ஈடுகட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் இருபது பேர் ஒருவகையில் ஜூலை மாதத்து அரிசிக்கு விலை கொடுக்கிறார்கள். தீவின் நிலையும் அப்படியே. மூன்று சிற்றூர்களைக் கொண்ட காராபுரி மக்களில் பலர், குகைக்கு ஏறும் படிகளின் இருமருங்கும் கடைவைத்துப் பிழைப்பவர்கள். விரிகுடாவின் மறுகரையில் இரவெல்லாம் ஒளிரும் மாநகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுக்கு, கடலடியில் கம்பிவடம் பதித்து மின்சாரம் வந்தது 2018-இல்தான். படகில் ஏறும் தலைகள் குறைந்தால் முதலில் காய்வது அவர்கள் வயிறு.

என் விடை கட்டணத்தில் இருக்கிறது. ஞாயிறுக்கும் பண்டிகை நாளுக்கும் ஒரு கட்டணம், செவ்வாய்க்கும் புதனுக்கும் அதைவிடக் குறைந்த கட்டணம் என்று வைக்கலாம். (திங்கள்கிழமை குகைகளுக்கு விடுமுறை.) கூட்டம் வாரம் முழுதும் பரவும், படகுக்காரருக்கு ஒரு நடையில் கிடைக்கும் தொகை குறையாது, தீவுக்கு வருவோரின் மொத்த எண்ணிக்கையும் குறைய வேண்டியதில்லை. ஞாயிறன்றி விடுப்பு இல்லாத கூலித்தொழிலாளியின் குடும்பத்துக்கு இது சுமையாகும் என்பதையும் அறிவேன். அவர்களுக்காக ஞாயிறு காலை முதல் சில படகுகளைப் பழைய கட்டணத்திலேயே விடலாம்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வருவோம். ஒன்று ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்பத்து நான்கு பேருக்கு 84,000 ரூபாய். ஒரு படகு ஆண்டில் முந்நூறு நாள், நாளுக்கு ஒரே நடை மட்டும் போய்வருவதாகக் கொண்டாலும் 25,200 பயணிகள். அத்தனை ஜாக்கெட்டுகளும் ஓராண்டிலேயே கிழிந்து பயனற்றுப்போகும் என்று எடுத்துக்கொண்டாலும், ஒரு சீட்டுக்கு மூன்று ரூபாய் முப்பத்து மூன்று காசு. குகையைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது நாம் வாங்கும் ஒரு வெள்ளரிப் பிஞ்சுக்கு இதைவிடக் கூடுதலாகத் தருகிறோம்.