நீச்சல் குளம் திறக்கப் போறாங்க... தண்ணி தெளிவா இருந்தா மட்டும் போதுமா?

பீங்கான் சூளைகளுக்குப் பேர் போன விருத்தாசலம் மாதிரி ஊர்களில் கோடை வந்தாலே பிள்ளைகளுக்கு நீச்சல் ஆசை வந்துவிடும். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த குளங்களும் திறக்கப்படும். ஆனால் அந்தத் தண்ணீர் பாதுகாப்பானதா?

கேரளா தந்த எச்சரிக்கை

2024-ல் கேரளாவில் அமீபா மூளைக்காய்ச்சலால் சிறுவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இதையடுத்து, நீச்சல் குளங்களை முறையாகக் குளோரினேற்றம் செய்ய தமிழக சுகாதாரத்துறையும் அறிவுறுத்தியது. இந்நோய்க்கு முக்கியக் காரணமான 'நெக்லேரியா ஃபௌலேரி' வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். குடித்தால் இந்நோய் வராது. மூக்கு வழியாகப் புகுந்தால்தான் ஆபத்து. நோய் அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு.

திறப்பதற்கு முன் என்ன செய்யணும்?

முதலில் பழைய தண்ணீரை வெளியேற்றி, தரையையும் சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். பீங்கான் டைல்ஸ் வழவழப்பானது, அழுக்கு எளிதில் போய்விடும். டைல்ஸ் இடுக்குகளில்தான் பாசியும் கிருமிப் படலமும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து அதிக அளவு குளோரின். 1 லட்சம் லிட்டருக்கு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் கிடைக்க, 33% வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 3 கிலோ தேவை. வெயிலில் குளோரின் சீக்கிரம் போய்விடும் என்பதால் மாலையில் போடுவதே நல்லது. அளவு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் வரை யாரையும் இறக்கக் கூடாது. திறந்த பிறகு 1 முதல் 3-க்குள் வைத்திருக்க வேண்டும்.

பி.எச் ஏன் முக்கியம்?

பி.எச் 7.5-ல் குளோரினில் ஏறத்தாழ பாதிதான் வீரியமுள்ள வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிக்கும் கீழே! அதனால் 7.2 முதல் 7.8 வரை பராமரிப்பது அவசியம். பிளீச்சிங் பவுடர் பி.எச்-ஐ ஏற்றும் என்பதால் தினமும் சோதிக்கணும். அதைக் குறைக்கும் அமிலத்தை பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்த்துக் கலக்கக் கூடாது. நச்சு வாயு வெளிவரும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால், குளோரின் பட்டதும் பழுப்பாகும். அதை வடிகட்ட வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

'மருந்து வாடை' தூக்கலாக அடித்தால் குளம் சுத்தம்னு அர்த்தமில்லை. வியர்வை, சிறுநீரோடு குளோரின் கலந்து உருவாகும் குளோரமின் வாடை அது. அன்றைய குளோரின், பி.எச் அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குளித்த சில நாட்களில் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குளித்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.