பேயா, நோயா?

கெடார்ப் பகுதி வாசகர்க்குக் குண்டலப்புலியூரை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில், அங்கு உரிமமின்றி இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து மனநோயாளரும் ஆதரவற்றோருமாக 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். துன்புறுத்தல், பாலியல் வன்முறை, காணாமற்போனோர் எனக் குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காய் எழுந்தன. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் 28 மனநோயாளர் தீக்கிரையானதை அதற்குள் மறந்திருந்தோம்.

குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கட்டும். இத்தகைய இல்லங்கள் ஏன் தோன்றுகின்றன என்பதே நம் கேள்வி. மனநோயை முறையாக அறிந்தவர் அருகில் இல்லை. ஆகவே அறியாதவர் கடை விரிக்கிறார். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநோய்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சிகிச்சையே கிட்டவில்லை.

இருந்தும், உளவியல் படிக்க விழையும் மகளிடம் நம் வீடுகளில் சொல்லப்படுவது என்ன? "பைத்தியங்களோடு உனக்கென்ன வேலை? நர்சிங் படி." நர்சிங் நற்பணியே, மறுக்கவில்லை. ஆனால் உடற்புண்ணுக்குக் கட்டுப்போடுவது புண்ணியம், உள்ளப்புண்ணைக் கேட்டறிவது இழிவு என்று எந்த மறைநூல் சொல்கிறது?

செபம் போதும் என்பாரும் உளர். இரண்டாம் வத்திக்கான் சங்கம், மேய்ப்புப் பணியில் உளவியலைப் பயன்படுத்துமாறு 1965-இலேயே பணித்தது. பேயோட்டுமுன் அது நோயன்று என உறுதிசெய்ய வேண்டும், நோயைக் குணப்படுத்துவது மருத்துவத்தின் பொறுப்பு எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் கூறுகிறது. ஏட்டைத் திறவாமல் எண்ணெய்ப் புட்டியை மட்டும் திறப்போர்க்கு என்ன சொல்ல?

மூன்று மாதச் சான்றிதழை மாட்டிக்கொண்டு 'ஆலோசகர்' எனப் பலகை தொங்கவிடுவோரையும் நாம் ஏற்கவில்லை. மருந்தெழுதும் மனநல மருத்துவர் வேறு. பேசியும் சோதித்தும் உள்ளத்தை ஆராயும் உளவியலாளர் வேறு. மருத்துவ உளவியலாளராக, பட்டமும் மேற்பட்டமும் பெற்றபின் நோயாளரிடையே மேற்பார்வையில் பயிற்சி பெறவேண்டும். நீண்ட வழி, செலவும் மிகுதி. அஞ்சல் வழியில் உளவியல் கற்பதையும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் நிறுத்திவிட்டது. தரம் காக்க அது சரியே. ஆயினும் கூலிவேலை செய்வோரின் பிள்ளைக்குக் கதவு ஒன்று அடைபட்டது.

எனவே, தேர்த் திருவிழா வாணவேடிக்கைச் செலவில் பாதியை இப்படிப்பு பயில்வோர்க்கு ஒதுக்குமாறு வரும் பங்குப்பேரவைக் கூட்டத்தில் கேட்கவிருக்கிறோம். மறுப்போர் எழுந்து காரணம் சொல்லட்டும்.